குத்திக்காட்டாமை: சிறை மீண்ட தந்தையும் அவர் குடும்பமும்

ஒரு நபியின் வாழ்வைத் தொடக்கம் முதல் நிறைவு வரை ஒரே அத்தியாயத்தில் தொடர்ச்சியாகத் திருக்குர்ஆன் எடுத்துரைப்பது யூஸுஃப் (அலை) அவர்களின் வரலாற்றில்தான். அவ்வரலாற்றின் நடுவே ஒரு சிறைச்சாலை நிற்கிறது. குற்றமற்ற இளைஞர் ஒருவர் அதில் சில ஆண்டுகள் கிடக்கிறார். அந்த ஆண்டுகளைக் குறிக்க இறைமறை ஆளும் 'பித்உ' எனும் சொல் மூன்று முதல் ஒன்பது வரையிலான எண்ணிக்கையைச் சுட்டும். நம் மேடைகளில் அவருடைய அழகு பேசப்படுகிறது, கனவு விளக்கம் பேசப்படுகிறது, பொறுமை பேசப்படுகிறது. சிறையிலிருந்து வெளிவந்தவர் தம் குடும்பத்தாரோடு எவ்வாறு மீண்டும் சேர்ந்தார் என்பது அதிகம் பேசப்படுவதில்லை. இன்று நம் மஹல்லாக்களுக்கு மிகவும் வேண்டப்படுவது அந்தப் பாடமே எனக் கருதுகிறோம்.

சிறை என்பது நம்மவருக்கு ஏட்டில் மட்டும் உள்ள செய்தியன்று. கோவை, வேலூர், புழல், திருச்சி, பாளையங்கோட்டை ஆகிய ஊர்ப்பெயர்கள் பல வீடுகளில் ஊர்களின் பெயராக ஒலிப்பதில்லை; சிறைகளின் பெயராகவே ஒலிக்கின்றன. 1998 பிப்ரவரி 14 அன்று கோவையில் நிகழ்ந்த தொடர் குண்டுவெடிப்புகளில் 58 உயிர்கள் பலியாயின. அந்த வீடுகளின் துயரை மறந்துவிட்டு இப்பொருளைப் பேச நமக்கு உரிமையில்லை. அவ்வழக்கில் நூற்றுக்கு மேற்பட்டோர் ஆண்டுக்கணக்கில் விசாரணைச் சிறையில் இருந்தனர். 2007 ஆகஸ்டில் தனி நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் அடைபட்டிருந்த கேரளத்தின் அப்துல் நாசிர் மஅதனி குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார். வழக்குகளின் தகுதி இக்கட்டுரையின் பொருளன்று. திருட்டு, கடன், அடிதடி, போதைப்பொருள், கொலை என எல்லா வழக்குகளிலும் எல்லாச் சமயத்தாரும் சிறை செல்கின்றனர். இந்தியச் சிறைகளில் இருப்போரில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் தீர்ப்பே வராத விசாரணைக் கைதிகள் என்பதை அரசின் 2022ஆம் ஆண்டுப் புள்ளிவிவரம் காட்டுகிறது. குற்றவாளியாயினும் நிரபராதியாயினும் அவர்களுள் பெரும்பாலோர் ஒருநாள் வீடு திரும்புகின்றனர். அன்று அந்த வீட்டில் என்ன நிகழ்கிறது என்பதே நம் கேள்வி.

விடுதலை நாளும் மீளும் நாளும்

விடுதலை ஒரே நாளில் கிடைத்துவிடுகிறது. வீடு மீள்தல் அவ்வாறு ஒரே நாளில் முடிவதன்று. வாயிலில் உறவினர் கூடுகின்றனர், கண்ணீர் பெருகுகிறது, பிரியாணி மணக்கிறது. நான்காம் நாள் வீடு வழமைக்குத் திரும்பும்போதுதான் சிக்கல் தலைகாட்டுகிறது. மாலை ஆறு மணிக்குக் கொட்டடி பூட்டப்பட்டுப் பழகியவர், அந்நேரம் வந்ததும் ஒரு மூலையில் போய் அமர்கிறார். விளக்கை அணைத்தால் அவருக்குத் தூக்கம் வருவதில்லை. கதவு திறந்தே இருந்தாலும் யாரேனும் போகச் சொல்லட்டும் என்று வாசலில் நிற்கிறார். தட்டில் உள்ளதை விரைந்து உண்டு முடிக்கிறார். கடைத்தெருவில் எல்லாரும் கைப்பேசியைக் காட்டிப் பணம் செலுத்துவதைக் கண்டு திகைக்கிறார்.

வீட்டாரின் நிலையும் மாறியிருக்கிறது. மனைவி குடும்பத்தைத் தனியாகவே நடத்தப் பழகிவிட்டார். வழக்கறிஞர் கட்டணத்துக்கு நகை போயிற்று. பீடி சுற்றியோ, தையல் தைத்தோ, இட்லி அவித்து விற்றோ பிள்ளைகளை வளர்த்தார். மூத்த மகன் பதினைந்து வயதிலேயே குடும்பத் தலைவனாகிவிட்டான். கைக்குழந்தையாக இருந்த மகள், 'அத்தா' என்று தான் அழைக்கவேண்டிய மனிதரை வாசற்படியில் முதன்முறையாக முழு உருவில் காண்கிறாள். அதுவரை அவர் அவளுக்குக் கம்பி வலைக்கு அப்பால் தெரிந்த ஒரு முகம். மனுப் போட்டுப் பார்க்கும் நாளில் இரைச்சலுக்கு நடுவே கேட்ட ஒரு குரல்.

திடீரென வீடு நுழைவதை நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை. நெடும்பயணத்திலிருந்து திரும்புவோர் முன்னறிவிப்பின்றி இரவில் வீட்டாரிடம் செல்வதைத் தடுத்தார்கள். வீட்டுப் பெண்கள் தம்மை ஒழுங்குபடுத்திக்கொள்ள அவகாசம் தரச் சொன்னார்கள். பயணம் முடித்து ஊர் திரும்பினால் தாமே முதலில் பள்ளிவாசல் சென்று இரண்டு ரக்அத் தொழுவது அவர்களின் வழக்கம். ஒரு மாதப் பயணத்துக்கே இவ்வொழுக்கம் கற்பிக்கப்பட்டதெனில், பத்தாண்டுப் பிரிவுக்கு அது எவ்வளவு பொருந்தும்! வீட்டாருக்கு முன்கூட்டியே செய்தி சொல்லவேண்டும், பிள்ளைகளை ஆயத்தப்படுத்தவேண்டும், முதல் வாரத்தில் கூட்டத்தைக் குறைத்துக்கொள்ளவேண்டும். இவை நாகரிகம் மட்டுமல்ல, சுன்னத்தின் சாரமும் ஆகும்.

ஒரு சொல்லின் வேர்

எகிப்தின் பொருளாட்சிப் பொறுப்பில் அமர்ந்திருந்த யூஸுஃப் (அலை) அவர்களின் முன், அவரைக் கிணற்றில் எறிந்த சகோதரர்கள் தலைகுனிந்து நின்றனர். அப்போது அவர்கள், இன்று உங்கள்மீது எந்தத் 'தத்ரீப்' இல்லை எனும் கருத்துப்பட மொழிந்ததை யூஸுஃப் அத்தியாயத்தின் 92ஆம் வசனம் அறிவிக்கிறது. இச்சொல்லைப் 'பழிப்பு', 'கண்டனம்' என்று மொழிபெயர்க்கிறோம். ஆயினும் அதன் வேர் கூர்ந்து நோக்கத்தக்கது. விலங்கின் இரைப்பையைப் போர்த்தி நிற்கும் மெல்லிய கொழுப்பு 'தர்ப்' எனப்படும். அக்கொழுப்பை உரித்தெடுப்பதைக் குறிக்கும் வடிவமே தத்ரீப் என விரிவுரையாளர் ஸமஃக்ஷரீ விளக்குகிறார். போர்வையை அகற்றி உள்ளிருப்பதை வெளியே காட்டுவது. மூடிக் கிடக்கும் குறையைத் திரும்பத் திரும்ப உரித்துக் காட்டுவது. நம் பேச்சுமொழியில் இதற்குச் சரியான சொல் 'குத்திக்காட்டுதல்'.

இதே வேர்ச்சொல் ஒரு நபிமொழியிலும் வருகிறது. தவறிழைத்த ஓர் அடிமைப்பெண்ணுக்குத் தண்டனை நிறைவேற்றப்பட்ட பின் அவளைக் குத்திக்காட்டக் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். மது அருந்தித் தண்டனை பெற்ற ஒருவரைத் தோழர்கள் சபித்தபோது, அவருக்கெதிராக ஷைத்தானுக்குத் துணைபோகவேண்டாம் என்றார்கள். தண்டனைக்கு ஓர் எல்லை உண்டு. அது முடிந்த பின் நாவினால் அதை நீட்டிக்க எவருக்கும் அதிகாரமில்லை என்பதே இதன் பொருள். நீதிமன்றம் விதித்தது ஏழாண்டு எனில் ஏழாண்டுதான். எட்டாம் ஆண்டைச் சமையலறையிலும் தெருமுனையிலும் நாம் விதிக்கக் கூடாது.

இத்தடை சிறை மீண்டவருக்கு மட்டும் கிடைத்த சலுகையென எண்ணிவிடல் தவறு. யூஸுஃப் (அலை) அவர்களின் சொல் யார் யாருக்குச் சொன்னது? சிறை கண்டவர், வெளியே இருந்தவர்களுக்குச் சொன்னது. சிறை மீண்ட தந்தைக்கும் மனத்தில் ஒரு கணக்கு இருக்கும். தம்பி ஏன் ஜாமீனுக்கு வரவில்லை? மனைவி ஏன் மாதம் தவறினாள்? பரம்பரை வீடு ஏன் விற்கப்பட்டது? மகன் ஏன் படிப்பை விட்டான்? இக்கேள்விகள் நியாயமானவையாக இருக்கலாம். அவை நாள்தோறும் எழுப்பப்படும்போது தத்ரீப் ஆகிவிடுகின்றன.

அவ்வத்தியாயத்தின் 100ஆம் வசனத்தில் இன்னொரு நுட்பம் உள்ளது. பெற்றோரை அரியணையில் அமர்த்தியபின் யூஸுஃப் (அலை) அவர்கள் இறைவனின் பேருதவிகளை எண்ணிச் சொல்கிறார்கள். சிறையிலிருந்து தம்மை வெளியேற்றியதைக் குறிப்பிடுகிறார்கள். கிணற்றிலிருந்து காத்ததைக் குறிப்பிடவில்லை. கிணறே முதலில் நேர்ந்தது. ஆனால் அதைச் சொன்னால் உடன் நிற்கும் சகோதரர்கள் நாணுவர். ஆதலால் அதை விடுத்தார்கள் என விரிவுரையாளர்கள் எழுதுகின்றனர். நடந்த பிளவையும் ஷைத்தான் தமக்கும் சகோதரர்களுக்கும் இடையே புகுந்து விளைத்ததாகவே சொன்னார்கள். தம்மையும் அப்பிளவின் ஒரு பக்கத்தில் நிறுத்திக்கொண்ட பண்பு அது.

ஆனால் குத்திக்காட்டாமை என்பது உண்மையை மறைப்பதன்று. அரசனின் தூதர் வந்து அழைத்தவுடன் யூஸுஃப் (அலை) அவர்கள் சிறைவாயிலைத் தாண்டிவிடவில்லை. முதலில் வழக்கை விசாரிக்கச் சொன்னார்கள். தம் பெயர் துலங்கிய பின்னரே வெளிவந்தார்கள். குற்றமற்றவரின் கண்ணியம் ஊரறியத் திருப்பித் தரப்படவேண்டும் என்பதற்கு இது சான்று. குற்றம் புரிந்தவரின் நிலை வேறு. அவருடைய தவ்பா இறைவனிடம் அழுவதோடு முடிவதில்லை. பறித்த பொருளைத் திருப்புவதும், தீங்குற்றவரிடம் மன்னிப்புக் கோருவதும் அடியார்களின் உரிமையில் சேரும். குடும்பத்தார் அவரைத் தாங்கலாம். அவருக்காகப் பொய் சொல்லக் கூடாது.

இமாம் அஹ்மதின் இல்லம்

தத்துவமாகப் பேசியதை ஒரு வீட்டுக்குள் சென்று காண்போம். ஹிஜ்ரீ 218இல் அப்பாஸிய கலீஃபா மஃமூன், குர்ஆன் படைக்கப்பட்டது எனும் கொள்கையை அறிஞர்கள்மீது திணித்தார். அதை ஏற்க மறுத்த இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) விலங்கிடப்பட்டார். சிறையில் ஏறத்தாழ 28 மாதங்கள் கழிந்தன. கலீஃபா முஃதஸிமின் முன்னிலையில் கசையடியும் விழுந்தது. இவ்வரலாறு நாமறிந்ததே. அவர் பிடிபட்டபோது மகன் ஸாலிஹுக்கு வயது 15. அப்துல்லாஹ்வுக்கு வயது 5 மட்டுமே என்பதை நாம் பெரும்பாலும் எண்ணிப்பார்ப்பதில்லை. வெளியே சிற்றப்பா இஸ்ஹாக் அவருடைய விடுதலைக்காக அதிகாரிகளிடம் நடையாய் நடந்தார்.

தந்தை வீடு திரும்பியதை ஸாலிஹே பதிவுசெய்துள்ளார். அவர் எழுதியதில் வெற்றி ஊர்வலம் ஏதுமில்லை. புண்ணுக்கு மருத்துவம் செய்யும் ஒருவர் வருகிறார், முதுகைப் பார்த்து வியக்கிறார், செத்த சதையை வெட்டி நீக்குகிறார், இமாம் பொறுத்துக்கொள்கிறார். உடல் தேறிய பின்னும் கட்டைவிரல்கள் மூட்டு விலகியே இருந்தன. குளிர்காலத்தில் அவை வலிக்கும். அப்போது அவருக்காகத் தண்ணீர் சுடவைக்கப்படும். பெருங்கொள்கைப் போராட்டத்தின் வரலாற்றில் இச்சிறு செய்தியைப் பிள்ளை மறவாமல் எழுதிவைத்தார். சிறை மீண்டவரின் வலி அடுத்த குளிர்காலத்திலும் வரும், அதற்கடுத்த குளிர்காலத்திலும் வரும் என அவ்வீட்டார் அறிந்திருந்தனர். மருத்துவரை அழைத்ததும் கவனிக்கத்தக்கது. இன்று உறக்கமின்மை, திடீர் அச்சம், காரணமற்ற சினம் ஆகியவற்றோடு திரும்புவோரை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்வது தவக்குலுக்கு முரணானதன்று.

இரண்டாவது செய்தி அப்துல்லாஹ்வுடையது. தந்தை அடிக்கடி அபுல் ஹைஸம் என்பவருக்காக இறைவனிடம் மன்னிப்பும் அருளும் வேண்டுவதை அவர் கேட்கிறார். யார் அவர் என வினவுகிறார். அவர் ஒரு பழம் திருடர். கசையடிக்கு இமாமைக் கொண்டுசென்றபோது பின்னாலிருந்து ஆடையைப் பற்றி இழுத்து, உலகத்துக்காகவும் ஷைத்தானுக்காகவும் நான் எத்தனையோ அடி தாங்கினேன், மார்க்கத்துக்காக நீங்கள் தாங்கக் கூடாதா எனும் பொருள்படத் தேற்றியவர். இங்கே அடைபட்ட ஆண்டுகளின் கதவு எவ்வாறு திறந்தது என்று பாருங்கள். மகன் துருவவில்லை, தந்தை சொற்பொழிவாற்றவில்லை. ஒரு துஆ கேள்வியை எழுப்பிற்று. கேள்வி மறுமொழியைப் பெற்றது. தந்தை பிள்ளைக்குச் சொன்ன சிறைக்கதையில் நாயகர் தந்தையல்லர், ஒரு திருடர்.

மூன்றாவது செய்தி, மன்னிப்பு. முஃதஸிமை இமாம் மன்னித்தார். உன்பொருட்டு ஒரு முஸ்லிம் தண்டிக்கப்படுவதால் உனக்கு என்ன பயன் என்பது அவருடைய எண்ணமாக இருந்தது. வீட்டுக்குள் வெறுப்பை மரபுச்சொத்தாக அவர் விட்டுச்செல்லவில்லை.

ஆயினும் அவ்வீடு பிணக்கற்ற வீடன்று. பிற்காலத்தில் கலீஃபா முதவக்கில் அனுப்பிய பொருளை இமாம் மறுத்தார். தேவையுள்ள பிள்ளைகளும் சிற்றப்பாவும் ஏற்றனர். இமாம் மனம் நொந்து, தம் வீட்டுக்கும் பிள்ளைகளின் வீட்டுக்கும் இடையிலிருந்த வாயிலை அடைத்தார். சில காலம் பேச்சும் குறைந்தது. பின்னர் அது சீரடைந்தது. தந்தையின் தியாகத்துக்கான விலையைப் பிள்ளைகளும் செலுத்தியிருந்தனர். அவர்களுக்கும் பசியும் குடும்பமும் இருந்தன. இத்தகைய பிணக்கு எந்த வீட்டில் எழுந்தாலும் அது குடும்பம் முறிந்ததற்கு அடையாளமாகாது.

அக்குடும்பத்தைப் பிணைத்தது எது? பொதுவெளியில் பாடம் நடத்தல் தடைப்பட்டும் குறைந்தும் போன ஆண்டுகளில், இமாம் தம் மக்கள் ஸாலிஹையும் அப்துல்லாஹ்வையும், சிற்றப்பா இஸ்ஹாக்கின் மகன் ஹன்பலையும் அமர்த்தி முஸ்னத் முழுவதையும் படித்துக்காட்டினார். தங்கள் மூவரைத் தவிர வேறெவரும் அதை முழுமையாகக் கேட்கவில்லை என ஹன்பல் அறிவிக்கிறார். ஊருக்கு வழங்க முடியாத அறிவு வீட்டுக்குள் பாய்ந்தது. பிரிந்த 28 மாதங்களை எவராலும் திருப்பித்தர இயலாது. ஆனால் நாள்தோறும் சேர்ந்து அமர்வதற்கு ஒரு பொதுவேலை கிடைத்தது. நம் கைகளில் இன்று முஸ்னத் இருப்பதற்கு அப்துல்லாஹ் வாயிலாக வந்த அந்த அமர்வுகளே காரணம்.

கடனாளியாக நுழைபவர்

இனி மனைவியின் நிலையை ஃபிக்ஹின் கண்கொண்டு நோக்குவோம். கணவர் சிறைப்பட்டார் என்பதற்காக மனைவிக்குரிய ஜீவனாம்சக் கடமை நீங்குவதில்லை. இதில் ஹனஃபீ, ஷாஃபிஈ மத்ஹபுகள் இரண்டும் ஒன்றுபடுகின்றன. கொடுபடாமல் போன காலத்துத் தொகை என்னாகும் என்பதில் வேறுபாடு உண்டு. நீதிபதி விதித்திருந்தாலோ இருவரும் ஒரு தொகைக்கு உடன்பட்டிருந்தாலோ மட்டுமே அது கடனாக நிற்கும் என்பது ஹனஃபீ நிலை. அவ்வாறின்றியும் அது கணவர்மீது கடனாகவே நிற்கும் என்பது ஷாஃபிஈ நிலை. நம் கடலோர ஊர்களில் பெரும்பாலும் பின்பற்றப்படும் இச்சட்டத்தின்படி, பத்தாண்டு கழித்து வாசற்படியேறும் கணவர் கடன்காரராகவே ஏறுகிறார். உள்ளே நிற்கும் மனைவியே கடன் கொடுத்தவர். மனைவி மனமுவந்து தள்ளுபடி செய்யலாம், செய்பவர்களே மிகுதி. ஆனால் தள்ளுபடி செய்தவருக்கு நன்றி சொல்லவேண்டும் என்பதை அறிந்தவர், சாவிக்கொத்தை அதிகாரமாகக் கேட்கமாட்டார்.

காத்திருந்தது கட்டாயத்தாலன்று என்பதையும் நினைவில் இருத்தவேண்டும். ஹனஃபீ சட்டம் இத்தகைய பெண்ணுக்கு மணவிலக்குப் பெற வழி தரவில்லை. எனவே மாலிகீ மத்ஹபின் தீர்வுகளைத் தேவை கருதி ஏற்கலாம் என மௌலானா அஷ்ரஃப் அலீ தானவீ (ரஹ்) 'அல் ஹீலத்துன் நாஜிஸா' நூலில் வழிகாட்டினார். அந்தப் பின்புலத்தில் எழுந்த 1939ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம், கணவருக்கு ஏழாண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு அத்தீர்ப்பு இறுதியாகிவிட்டால் மனைவி நீதிமன்றத்தில் மணமுறிவு கோரலாம் என்கிறது. இரண்டாண்டு ஜீவனாம்சம் வழங்கப்படாமையும் தனிக் காரணமாகும். ஷாஃபிஈ மத்ஹபில் கணவரால் ஜீவனாம்சம் தர இயலாமை உறுதியானால் மூன்று நாள் தவணைக்குப் பின் மணமுறிவுக்கு வழியுண்டு. இவ்வாயில்கள் திறந்திருந்தும் ஒரு பெண் காத்திருந்தார் எனில் அது அவருடைய தேர்வு. அந்த வாயிலின் வழியே சென்ற பெண்ணும் பழிக்கத்தக்கவர் அல்லர். ஷரீஅத் தந்த உரிமையை அவர் பயன்படுத்தினார்.

ஒன்றை வலியுறுத்தவேண்டும். குத்திக்காட்டாமை எனும் பெயரால் அடி உதையைத் தாங்கிக்கொள்ளுமாறு எந்தப் பெண்ணுக்கும் நாம் அறிவுரை கூறலாகாது. திரும்பியவரின் கை ஓங்குமாயின் மனைவி, பிள்ளைகளின் பாதுகாப்பே முதற்கடமை. 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அதற்குத் துணைநிற்கும், ஜமாஅத்தும் துணைநிற்கவேண்டும்.

பிள்ளைகளுக்குச் சொல்லும் உண்மை

நம் வீடுகளில் சிறுபிள்ளைகளிடம் வழமையாகச் சொல்லப்படும் ஒரு பொய் உண்டு: அத்தா சவூதியில் இருக்கிறார் என்பது. பாதித் தெரு வளைகுடாவில் இருக்கும் ஊரில் அப்பொய் எளிதில் ஒட்டிக்கொள்கிறது. அடுத்த வீட்டு வாப்பா இரண்டாண்டுக்கு ஒருமுறை பெட்டியும் மிட்டாயுமாக வருகிறார். தன் அத்தா மட்டும் ஏன் வருவதில்லை என்று பிள்ளை ஏங்குகிறது. ஒருநாள் பள்ளிக்கூடத்தில் வேறொரு சிறுவன் உண்மையைக் குத்திச் சொல்கிறான். அன்று உடைவது தந்தைமீதுள்ள நம்பிக்கை மட்டுமன்று. இத்தனை நாளும் அப்பொய்யைச் சொன்ன தாய்மீதுள்ள நம்பிக்கையும்தான். வயதுக்கேற்ற அளவில் உண்மையைச் சொல்லிவைப்பதே நலம். அத்தா ஒரு வழக்கில் அடைபட்டிருக்கிறார், உன்னை நினைத்துக்கொண்டிருக்கிறார், நாம் போய்ப் பார்ப்போம் என்ற அளவு ஐந்து வயதுக்குப் போதும்.

தந்தை இல்லாத காலத்தில் மகளுக்குத் திருமணம் நடந்திருந்தால் அங்கே ஒரு தனி முள் உண்டு. தந்தையே வலீ, அவர் சிறையிலிருந்தே எழுத்து மூலம் வகாலத் தரலாம். சிறைவிதிகளின்படி விடுப்புப் பெற்று, வழிக்காவலுடன் சில மணி நேரம் நிக்காஹ் சபைக்கு வந்துசென்றோரும் உண்டு. இரண்டும் இயலாது, அவரை அணுகவே வழியில்லாதிருந்தால் ஷாஃபிஈ மத்ஹபில் காஜி வலீயாகிறார். ஹனஃபீ மத்ஹபில் அடுத்த நெருக்கமுள்ள உறவினர் வலீயாகிறார். அவ்வாறு முறைப்படி நடந்த நிக்காஹ் நிலைபெற்றது. திரும்பிய தந்தை என்னைக் கேளாமல் செய்தீர்கள் என்று அதை அசைக்க முடியாது. அவருடைய வேதனை உண்மையானது. அதற்குரிய மருந்து மகள் வீட்டுக்குச் சென்று மருமகனின் கையைப் பற்றுவதே.

மூத்த மகனின் நிலை இன்னும் நுட்பமானது. பத்தாண்டு சம்பாதித்துக் கொடுத்தவனிடம் சட்டென 'நீ சின்னப் பையன்' என்று சொல்வது அநீதி. கலந்தாலோசிப்பதே வழி. இங்கும் ஒரு பொதுவேலை உதவும். சிறையில் குர்ஆன் ஓதக் கற்றுத் தேறியவர்களை நாம் கண்டிருக்கிறோம். தந்தை மகனுக்குத் தஜ்வீத் திருத்தட்டும். மகன் தந்தைக்கு வங்கிக்கணக்கும் கைப்பேசியும் கற்றுத்தரட்டும். இருவரும் ஆசிரியர், இருவரும் மாணவர் எனும்போது யாருடைய இடமும் பறிபோவதில்லை.

ஊரின் பங்கு

தபூக் போருக்குச் செல்லாது தங்கிவிட்ட கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்களுடன் ஐம்பது நாள் எவரும் பேசவில்லை. மன்னிப்பு இறங்கிய காலையில் அவர் பள்ளிவாசலுக்குள் நுழைந்தபோது, தல்ஹா (ரலி) எழுந்து விரைந்துவந்து கைகுலுக்கி வாழ்த்தினார். முஹாஜிர்களில் வேறெவரும் எழவில்லை என்பதையும், தல்ஹாவின் அச்செயலைத் தாம் என்றும் மறக்கவில்லை என்பதையும் கஅப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். சபை முழுவதும் எழவேண்டியதில்லை; ஒருவர் எழுந்தால் போதும். சிறை மீண்டவர் முதல் ஜும்ஆவுக்கு வரும்போது நம்முள் எழுபவர் யார்?

சபையில் எழுவதோடு ஜமாஅத்தின் கடமை முடிவதில்லை. தலைக்கட்டுப் பதிவேட்டில் அவர் பெயர் விடுபட்டிருந்தால் கேட்காமலே சேர்க்கவேண்டும். பாக்கி வரியைக் காரணம் காட்டி அவர் வீட்டு நிக்காஹ்வுக்குத் தப்தர் தர மறுக்கக் கூடாது. வழக்குச் செலவால் கடனில் மூழ்கியோர் ஸகாத்தின் எட்டு வகையினருள் ஒரு வகையினரான கடனாளிகளில் அடங்குவர். சிறையில் உள்ளோருக்கு இலவசச் சட்ட உதவி பெறும் உரிமையை 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் வழங்குகிறது. விடுதலையானோருக்குத் தொழில் உதவி செய்ய, விடுதலை பெற்ற கைதிகள் உதவிச் சங்கம் உள்ளது. இவற்றை அறிந்து சொல்லும் ஒருவர் ஒவ்வொரு மஹல்லாவிலும் இருத்தல் நன்று. இவ்வக்கறை நமக்குப் புதிதன்று. பதவியேற்ற காஜி முதலில் சிறைப்பட்டோரின் நிலையை ஆராயவேண்டும் என்பது ஃபிக்ஹ் நூல்களின் விதி. கைதிகள் விலங்கோடு தெருவில் இரந்து திரியாதபடி அவர்களுக்கு மாதப்படியும், கோடைக்கும் குளிருக்கும் ஏற்ற ஆடையும் வழங்குமாறு இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) ஹாரூன் ரஷீதுக்காக எழுதிய 'கிதாபுல் ஃகராஜ்' நூலில் அறிவுறுத்தினார்.

ஊர் செய்யும் தீங்கு இருவகைப்படும். ஒன்று ஒதுக்குதல், அது எல்லாருக்கும் தெரிகிறது. மற்றொன்று மேடையேற்றுதல், அதன் தீங்கு எளிதில் தெரிவதில்லை. மாலையும் முழக்கமுமாக ஒருவரை ஊர் ஊராய் அழைத்துச் செல்லும்போது, பத்தாண்டு காத்திருந்த பிள்ளைக்குத் தந்தை மறுபடியும் கிடைக்காமற் போகிறார். பிள்ளைக்கு வேண்டியது தியாகியல்லர். வீட்டுப்பாடத்தில் கையெழுத்திடும் அத்தா. அவரை முதலில் வீட்டாரிடம் விட்டுவிடுவதே நாம் செய்யும் பெரிய மரியாதை.

குடும்பம் ஆறுவதற்குக் காலக்கெடு கிடையாது. சில வீடுகள் ஓராண்டில் நிமிர்கின்றன; சில வீடுகளில் ஒரு தலைமுறை ஆகிறது. குத்திக்காட்டாமை, உரியவருக்கு உரியதைத் தருதல், நாள்தோறும் சேர்ந்து அமர ஒரு வேலை ஆகிய இம்மூன்றும் எங்கு உள்ளனவோ அங்கு ஆறுதலும் மெல்ல வந்து சேர்கிறது. பிரிந்தோரை ஒன்றுசேர்த்து, யூஸுஃப் (அலை) அவர்களைச் சிறையிலிருந்து மீட்டு, யஃகூப் (அலை) அவர்களின் கண்களுக்கு ஒளி மீட்டளித்த வல்ல அல்லாஹ், நம்மிடையே உள்ள அத்தகைய குடும்பங்களின் உள்ளங்களையும் இணைத்தருள்வானாக! அவர்கள் வாசலில் முதலில் எழுந்து நிற்பவராக நம்மை ஆக்குவானாக! ஆமீன்.